நாற்பத்தேழு

குளோரின் கப்பல் வரவில்லை என்று
தடாகத்தைப் பூட்டிய வருஷம்
ஹம்ஸா நானா கடையிலிருந்து
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே செத்த
சைக்கிள் டியூப் இரண்டைக் கொண்டுவந்து
வெள்ளவத்தை மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
வாங்கில் குப்புறக் கிடந்து
இழுத்தேன், விட்டேன், இழுத்தேன்.
காலி ரயில் கடலோரம் போகையில்
வாங்கு லேசாக நடுங்கும்.
அந்த வருஷம் எனக்கு அதுதான் அலை.

அம்மா காஸ் வரிசையில் நின்றாள்.
புறங்கையில் பேனையால் எழுதிய எண்
இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூறோடு லொறி காலி.
இரவுக்குப் பாணும் சம்பலும்.
பயிற்சிக் குறிப்பேட்டில் புரதம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டுப் படுத்தேன்.

பிறகு திறந்தார்கள்.
தலைமயிர் மறுபடி செம்பட்டையானது.
விடிய நாலரைக்கு ஓட்டோ,
ஐந்துக்குத் தண்ணீர், எட்டரைக்கு வங்கி.
அடியில் ஓடும் கறுப்புக் கோட்டை
அம்மாவின் முகத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.
உடைந்த டைல் எங்கே என்று கேளுங்கள்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
பதினெட்டாவது மீற்றர், இடப்பக்கம்.

ஒலிம்பிக் போன கதை கேட்கிறார்கள்.
அரை நிமிஷமும் இல்லாத கதை.
ஒலிபெருக்கி என் பெயரில் இரண்டு தரம் தடுக்கியது,
யது... யதூர்ஷ்...
பிறகு விசில்.
சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன்:
என் பழைய நேரத்தில்
நூறில் பதினொரு பங்கு குறைந்திருந்தது.
ஒரு கண்ணிமைப்பு.
அதற்கு நாலு வருஷம்.

சொல்லாத கதை ஒன்று உண்டு.
முதல் நாள், பயிற்சி நேரம், ஒரே பாதை.
பின்னாளில் தங்கம் வாங்கியவள்
என்னைக் கடந்து போனாள்.
அவள் காலடித்த தண்ணீர்
மூச்செடுக்கத் திறந்த என் வாய்க்குள் நேரே வந்தது.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.
அவள் அந்தக் கரையில்
தொப்பியைக் கழற்றிப் பிழிந்து
கொட்டாவி விட்டாள்,
ஆஸ்பத்திரி நேர்ஸ் இரவு வேலை முடித்தது மாதிரி.
கோபம் வரவில்லை.
துப்பவும் இல்லை.
அந்த ஒரு மிடறு இன்னும் என்னிடம்தான்.

பம்பலப்பிட்டிக் கவுண்டரில்
காசோலையை நீட்டியபடியே
ஆளை அடையாளம் கண்டு கேட்பார்கள்:
'எத்தனையாவது வந்தீங்க பிள்ளை?'
நாற்பத்தேழு.
'ஐயோ' என்பார்கள்,
நோட்டெண்ணும் இயந்திரம் எனக்காக
வேறு பக்கம் பார்த்துக் கடகடக்கும்.

அம்மா மட்டும் ஐயோ சொல்லவில்லை.
பாரையின் செட்டையை அரிந்துகொண்டே,
'நாற்பத்தேழாம் ஆளுக்கு
கட்டாயம் காஸ் கிடைச்சிருக்கும்' என்றாள்.
தலையைக் குழம்புக்கென்று
தனியே எடுத்து வைத்தாள்.