பத்துக் கிலோவுக்குக் கீழே

மேடையில் ஏறும் லாரியைப்
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும் என் கணினி.
டிரைவர் இறங்கி நின்றால் எழுபது குறையும்.
கிளீனர் பையன் இறங்கினால் நாற்பதோ ஐம்பதோ,
அன்று அவன் சாப்பிட்டதைப் பொறுத்து.
அதற்கும் கீழே உள்ளதெல்லாம்
இந்தத் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில்
எடையே இல்லாதது.

என் விமானம் இருநூற்று எண்பது கிராம்,
பேட்டரியோடு சேர்த்து.

இறக்கை, காசிமேட்டு மீன்பெட்டி.
சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவியும்
வெயில் ஏற ஏற வஞ்சிரம் வாசம்.
ஏலக்காரர் மார்க்கரில் போட்ட பதினாலு
இடது இறக்கையின் அடியில் அழியாமல் நின்றது.
அதுவே பெயர் என்று விட்டுவிட்டேன்.

அவசரப் பசை தெர்மாகோலைத் தின்னும்
(இரண்டாம் விபத்தில் தெரிந்தது).
மோட்டார் தலைகீழாகச் சுற்றினால்
மூன்று ஒயரில் எந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் போதும்
(ஒரு வாரம் அழுதபின் தெரிந்தது).
இரண்டு விரலில் இறக்கையைத் தாங்கிப் பார்த்தேன்,
வால் தொங்கியது.
மூக்கில் ஒரு ஐந்து ரூபாய், மேலே டேப்.
நிமிர்ந்தது.

காலை ஆறுக்கு ஷிப்டு முடியும்.
கொண்டல் எழ இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்.
யார்டுக்குப் பின்னால் பாறைச்சுவர்வரை
யாருக்கும் வேண்டாத வெறும் தரை.
கையிலிருந்து எறிந்தேன்.
பதினாலு ஒருமுறை தாழ்ந்து, யோசித்து,
ஏறிப் போனது.

பருந்துக்கு மோட்டார் சத்தம் ஒரு பொருட்டில்லை.
மீன் வாசம்தான் இழுத்திருக்க வேண்டும்.
ஒதுக்கினேன். சூரியனுக்கு நேராகப் போய்விட்டது.
கறுப்பாக ஒரு கோடு.
வருகிறதா போகிறதா தெரியவில்லை.
எதிரே வரும்போது இடம் வலமாகும் என்பது
தலைக்குத் தெரியும்,
கட்டைவிரலுக்குத் தெரியாது.

சாலையில் நின்ற லாரி வரிசையில்
நீலக் கண்டெய்னர் ஒன்றின் தலையில் போய் உட்கார்ந்தது.
நான்கு மணி நேரமாக அசையாத வரிசை
அப்போது பார்த்து அசைந்தது.

வண்டி எண் தானாக மனதில் ஏறியது, தொழில் பழக்கம்.
ஓடிக்கொண்டே பிரிசில்லாவுக்கு போன் போட்டேன்.
"நாலு நாலு ஏழு ஒண்ணு வந்தா நிறுத்துக்கா."
"இப்பதான் போச்சு. இருபத்தெட்டாயிரத்து நானூத்து நாப்பது.
சீலு சரியா கீது. இன்னா மேட்டரு?"
"மேல என் ஏரோப்ளேன்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஹாரன் மட்டும் கேட்டது.
"பில்லுல அது இல்லியேம்மா."

சாயங்காலம் நான் வரும்போது
நாலாவது அடுக்கில் இருந்தது.
ஓரத்தில் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
சார்ஜ் தீருகிற பீப் சத்தம்
கிரேன் சத்தத்துக்கு இடையில் விட்டுவிட்டுக் கேட்டது.
ஆப்பரேட்டர் குணாளனிடம் போய்க் கேட்டேன்.
லிஸ்டில் இல்லாததை இறக்க மாட்டேன் என்றார்.
அவர் சொன்னதிலும் தப்பில்லை.

பையிலிருந்து ரிமோட்டை எடுத்து
குச்சியைப் பின்னால் இழுத்தேன்.
ஃப்ளட்லைட்டில்
வால் மெல்லத் தூக்கி, இறங்கியது.
வீட்டுக்குக் கிளம்பிய பிரிசில்லா வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"ஐயே, தலையாட்டுது பாரேன்!
இன்னொரு தபா."
இன்னொரு தபா.
அதற்குப் பிறகு அவளே கேட்டு வாங்கி அசைத்தாள்,
எட்டே முக்காலுக்குப் பீப் நிற்கும்வரை.
அவளுக்கு இரண்டு பஸ் போய்விட்டது.

பதினோராம் நாள் கப்பல்.
எந்த ஊர் என்று பில்லில் இருந்திருக்கும்,
நான் பார்க்கவில்லை.

புதிய பெட்டியில் எண் முப்பத்தொன்று.
இந்த முறை மத்தி வாசம்.
நேற்று இரவு மூன்று மணிக்கு, வண்டி வராத நேரத்தில்,
எண்பது டன் தாங்கும் இரும்பு மேடையின் நடுவில்
அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு
ஓடிவந்து கணினியைப் பார்த்தேன்.
பூஜ்யம்.

வண்டி எண்: முப்பத்தொன்று என்று போட்டு
ரசீது அடித்துக்கொண்டேன்.