சனிக்கிழமை இரவு, இரண்டு ஜோடி

சுவரில் இரண்டு ஆணி.
இடது ஆணியில் கார்பன்,
வலது ஆணியில் அலுமினியம்.
கீழே சக்கரமில்லாத சைக்கிள்
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.
நாளைக்கு எங்கே என்று
மாதப்பன் இன்னும் சொல்லவில்லை.

வத்தல்மலை என்றால் கார்பன்,
யோசிக்கவே வேண்டாம்.
கொண்டை ஊசிக்கு மேல் கொண்டை ஊசி,
ஒவ்வொரு வளைவிலும் யாரோ
பின்னாலிருந்து ஒரு விரல் கொடுத்த மாதிரி இருக்கும்.
அந்த ஒரு விரலுக்குத்தான்
பதினோரு மாதத் தவணை.

ஜெகதேவிப் பக்கம் என்றால் வேறு கதை.
குவாரியில் கழித்துக் கொட்டிய கல்,
அறுத்த விளிம்பு அறுத்தபடியே கிடக்கும்.
போன ஆடியில் அங்கே
பின் ரிம்மில் ஒரு டங்.
காற்று இறங்கி முடிப்பதற்குள்
கண்ணுக்குத் தெரிந்துவிட்டது,
சொம்பின் வாய் நசுங்கினது போல ஒரு மடிப்பு.
ஒரு கல்லில் சாய்த்து
இன்னொரு கல்லால் தட்டினேன்.
டியூப் போட்டதும் வீடுவரை வந்தது,
சுற்றுக்கு ஒருமுறை நொண்டி.

எனக்கு வேலையே அலுமினியத்தோடுதான்.
ஓசூரில் வார்ப்படம், சோதனைப் பிரிவு.
எட்டு மணி நேரமும் குறை தேடுகிற உத்தியோகம்:
குமிழி, சுருக்கம், மயிரிழை விரிசல்.
சாயம் தடவித் துடைத்தால்
சிவப்பாகச் சொல்லிவிடும்.
மறைக்கத் தெரியாத உலோகம் என்று எழுத வந்தேன்.
அதுவும் முழு உண்மை இல்லை.
அடியைச் சொல்லும். களைப்பைச் சொல்லாது.
ஒரு நாள் சும்மா போகும்போது விட்டுவிடும்.

கார்பன் அடியையும் சொல்வதில்லை.
தளிக்குப் போகிற இறக்கத்தில்
பின்னால் ஏதோ சத்தம் கேட்டது.
நிறுத்திப் பார்த்தேன்.
கறுப்பு, கறுப்புக்குமேல் கறுப்பு,
ஒரு கீறல்கூட இல்லை.
அன்றிலிருந்து தினமும்
ஐந்து ரூபாய்க் காசால் சுற்றிலும் தட்டுகிறேன்,
தேங்காய்க் கடையில் காது வைக்கிற மாதிரி,
கம்பிக்குக் கம்பி இடையில்.
டிக். டிக். டிக்.
வால்வுக்கு எதிரே, பதினாறாவது கம்பி தாண்டி
ஓரிடத்தில் மட்டும்
டொக்.
அல்லது எனக்கு அப்படிக் கேட்கிறது.

ரஹீமுல்லா தட்டிப் பார்த்துவிட்டு
ஒண்ணுமில்லம்மா, ஓட்டுங்க என்றார்.
அவர் ஓட்டப் போவதில்லை.
பெங்களூர்க்காரன் ஒருவன்
ஜோடியைப் பாதி விலைக்குக் கேட்கிறான்.
போட்டோ அனுப்பினேன்.
சூப்பர் கண்டிஷன் என்று அவனே எழுதுகிறான்.
நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

பத்தரைக்குப் போன் அதிர்கிறது.
“ராயக்கோட்டை. பின்பக்கப் பாதை.
மழ பேஞ்சிருக்கு, பாறையெல்லாம் வழுக்கும்.”

ஏற்றமும் உண்டு, கல்லும் உண்டு.
இரண்டு ஆணியையும் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு இடதிலிருந்து முன்சக்கரம்,
வலதிலிருந்து பின்சக்கரம்.
பொருந்தாத ஜோடி என்று மாதப்பன் சிரிப்பான்.
பாறையில் முதலில் அடி வாங்குவது
எப்போதும் பின்னால் இருப்பதுதான் என்பது
அவனுக்கும் தெரியும்.

ஆணியில் மிச்சமிருந்த கார்பனை
மடியில் வைத்துக்கொண்டேன்.
போனில் பதிவை அழுத்தி
வால்விலிருந்து ஆரம்பித்து ஒரு முழுச் சுற்று,
பதினாறாவது கம்பியில் வேகம் கூட்டாமல்.
பெங்களூருக்கு அனுப்பினேன்.

இரண்டு டிக் விழுந்தது.
நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை.
காற்றடிக்க வேண்டும்,
முன்னால் இருபது,
பின்னால் இருபத்து மூன்று.