பென்சில் கணக்கு

நேற்றிரவு எழுபது சென்டிமீட்டர் பனி.
வண்டிகள் நான்கு, ஒன்று பழுது.
விடியுமுன் எந்தத் தெருவை முதலில் திறப்பது
என்று முடிவு செய்யத்தான்
நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.

ஹொக்கைடோவின் பனிக்கு யார்மீதும் வெறுப்பில்லை.
அது பாட்டுக்குக் கிடக்கிறது.
வெறுப்பெல்லாம் என் தொலைபேசிக்கு வரும்.

ஒரு மணி நேர டீசலுக்கு
எத்தனை பேரின் அவதி குறையும்?
அவ்வளவுதான் கேள்வி.
மேயரின் முழங்கால் ஒரு முழங்கால்.
மீன்கடை நுகுயின் முழங்காலும் ஒரு முழங்கால்.
டயாலிசிஸுக்குப் போகும் மூவர் வாழும் சந்து
முன்னூறு பேர் வேலைக்குப் போகும் சாலையை முந்தும்:
எண்ணுவது தலையை அல்ல, வலியை.
வலி சென்டிமீட்டரில் வராது.
ஊகித்துப் போடுகிறேன், பென்சிலால்.

என் தெரு பதினேழாவது.
ஹிசாயா மண்வாரியோடு வாசலில் நின்று கேட்டான்:
"பட்டியல் போடுகிறவள் வீட்டுக்குமா?"
அவன் இடுப்பையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தேன்,
ஒன்றாக. ஒன்றுக்கு மேல் அல்ல.
அது எவ்வளவு கொடுமை என்று
அன்றிரவு தைலம் தேய்த்த விரல்களுக்குத் தெரிந்தது.

மலைச்சாலையின் முடிவில் ஒரே வீடு.
தொகாஷி, தனி ஆள்.
ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு தலை.
கடைசியில் போட்டேன்.

ஐந்தரைக்கு அழைத்தார். குரலில் கோபமில்லை.
மின்சாரம் போய்விட்டது,
ஜெனரேட்டரில் எண்ணெய் இல்லை,
கறவை இயந்திரம் ஓடவில்லை.
"கையால் பன்னிரண்டைக் கறந்துவிட்டேன்.
இன்னும் நாற்பத்தொன்று."
பிறகு தொலைபேசியைத் தொழுவத்தின் பக்கம் நீட்டினார்.

மடி கனத்த மாடுகளின் சத்தத்தை
நான் அதுவரை கேட்டதில்லை.

பட்டியலில் வீடு, ஆள், நோய், பள்ளி.
பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தேன்,
தலைப்பில்லாமல்.
மாட்டின் வலி மனித வலியில் எத்தனை பங்கு?
பாதியா? பத்தில் ஒன்றா?
பத்தில் ஒன்றென்றாலும்
நாலு பேர் அங்கே கதறுகிறார்கள்.

மூன்றாவது வண்டி எண்ணெய்ப் பீப்பாயோடு மலையேறியது.
அது திறந்திருக்க வேண்டிய அஞ்சலகத் தெருவில்
எட்டு மணிக்கு இவாபுச்சி அம்மாள் வழுக்கி விழுந்தார்.
மணிக்கட்டு முறிவு.

மருத்துவமனைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.
மாடுகளுக்காக, என்று.
மாவுக்கட்டையே நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு
"எல்லாவற்றையும் கறந்தாயிற்றா?" என்றார்.

"முப்பத்தெட்டை" என்றேன்.