பைத்தா, பகல் பதினொன்று

கம்ப்ரசர் செத்துவிட்டது என்று
நான் கருவிப்பையை இறக்குமுன்பே
தீர்ப்புச் சொல்லிவிட்டாள் எவுதோசியா.
பன்னிரண்டுக்குப் படகுக்காரர்கள் வருவார்கள்.
எலுமிச்சையில் வெந்த மீனும்
வியர்க்கிற பீரும் கேட்பார்கள்.
ஐஸ் பெட்டியில் இருப்பதோ அரைச் சாண்,
அதுவும் அப்பளம்போல் நொறுங்குகிறது.

போன வாரம் வில்மெர் வந்து காஸ் ஏற்றினானாம்.
அதற்கு முந்தின வாரமும்.
கல்லாவின் மேல் ஆணியில்
இரண்டு ரசீதுகள், ஆளுக்கு ஒரு கிலோ.

நான் உடனே கேஜ் மாட்டவில்லை.
மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும்
காற்றுக்குக் கொஞ்சம் கப்பம் கட்ட வேண்டும்.
கண், அப்புறம் விரல்,
முள் கடைசியில்.

கண்டென்சரில் மீன்மாவுத் தூசி. ஊதித் தள்ளினேன்.
அதுவல்ல.
தண்ணீர் வால்வு ஒழுகவில்லை.
கவிழ்த்த பீர்ப்பெட்டியில் உட்கார்ந்து
முழுச் சுற்றையும் பார்த்தேன்.
இருபது நிமிடத்தில் உறையும் என்கிறது
மூடியின் உட்பக்க அட்டவணை.
முப்பது. முப்பத்தெட்டு.
காஸ் குறைந்திருந்தால்
தகட்டின் ஒரு முனை தடித்து மறுமுனை மொட்டையாகும்.
இங்கே எல்லா அறையிலும் சமமான வறுமை.

அப்படியானால் கம்ப்ரசர்தானே என்றாள்.
இருக்கலாம் என்றேன். இன்னும் ஒரு குழாய் பாக்கி.

அடுத்த சுற்று, ஐந்தாம் நிமிடம்,
சூட்டு வாயு வால்வுக்குப் போகும் குழாயைத் தொட்டேன்.
கட்டிகள் கழன்று விழும் அந்த ஒன்றரை நிமிடம் மட்டும்
திறக்க வேண்டிய வழி,
இந்நேரம் ஆறியிருக்க வேண்டும்.
விரலை உதறிக்கொண்டேன்.

இரண்டு வாரமாக
ஒரு கையால் உறையவைத்து
மறு கையால் உருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.
அவளையும் தொடச் சொன்னேன். தொட்டாள்.
"கம்ப்ரசர் விலையில் பத்தில் ஒன்று" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.

வால்வு மாற்றுவதற்காக
உள்ளிருந்த காஸை சிலிண்டருக்குள் இழுத்துத்
தராசில் வைத்தேன்.
இயந்திரம் கேட்பதைவிட நூற்றைம்பது கிராம்தான் கூடுதல்.
கசிவு எங்கும் இல்லை, சோப்பு நுரை போட்டும் பார்த்தாயிற்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எண் எரிந்துகொண்டிருந்தது, அவள் படித்தாள்,
ஆணியைப் பார்த்தாள்.

"என் தங்கை மகன்" என்றாள், யாரிடமோ.

மதியத்துக்குத் துறைமுகத்திலிருந்து
சாக்கில் சுற்றிய ஐஸ் பாளம் வந்தது.
சுத்தியலால் அவளே உடைத்தாள்,
தேவைக்கு மேல் பொடியாக.

மாலை ஐந்தேகாலுக்கு
முதல் தட்டு மொத்தமாய் விழுந்தது,
தடித்து, தெளிவாக, நல்ல சத்தத்தோடு.
அவள் திரும்பவில்லை.
போனில் வில்மெரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்,
இல்லை அழித்துக்கொண்டிருந்தாள்.
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.