வேலிக்குச் சாட்சி

லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக் கம்பி வேலியோரம்
எட்டிலிருந்து எட்டரை வரை நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
படிவத்தில் இரண்டு கட்டம்:
வந்தது. இருந்தது.
நான் பார்ப்பேன், ஹஸ்னா கோடு போடுவாள்.

முதல் ஞாயிறே அவளுக்கு ஒரு சொல் கொடுத்துவிட்டேன்.
லத்தீன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
அது வேலி தாண்டிவிடும்.
ஓணான் என்றால் மூன்றே எழுத்து.

எண்பதுகளில் வந்ததாம்.
எப்படி என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை.
மரச்சரக்கோடோ, செடித்தொட்டியோடோ,
வடக்கேயிருந்து பயணச்சீட்டு இல்லாமல் ரயிலிலோ.
வேலியில் போனதை எவனோ எடுத்து
மடியில் விட்டுக்கொண்டான்.
இப்போது தீவுக்குக் குடைகிறது.

கழுத்து சிவக்கச் சிவக்கத் தண்டால் எடுக்கும்.
பூங்கா இணைப்புப் பாதையில், பேருந்து நிறுத்தத்தில்,
அடுக்குமாடிக் கீழ்த்தளத்து மல்லிகைத் தொட்டியில்
அதுதான்.
"உன் ஊர்க்காரன்" என்றாள் ஹஸ்னா.
சிரித்தேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சிரிக்கவில்லை.
நான் யார் கிளையையும் பிடுங்கவில்லை,
பதினேழாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன் என்றேன்.
அன்று முர்தபாவுக்கு அவளே காசு கொடுத்தாள்.

இருந்தது வேறு.
இலைப்பச்சை. உடம்பைவிட நீளம் வால்.
பயந்தால் மரப்பட்டை நிறம்.
முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் அதுதானாம்,
இப்போது காட்டின் உள்மடிப்பில்.
என்னிடம் அதற்குப் பெயர் கிடையாது.
பச்சை ஓணான் என்று ஒட்டுப்போட்டுப் பார்த்தேன்,
வந்தவன் பெயரால் இருந்தவனைக் கூப்பிடுவது
எனக்கே கூசியது.
ஹஸ்னா வீட்டில் சும்பா-சும்பா என்பார்களாம்.
சும்பா என்றால் சத்தியம்.
சாபம் என்றும் உண்டு, சொல்கிற வாயைப் பொறுத்து.

மார்ச் பதினேழு. மழை விட்டிருந்தது.
நிபோங் பனையின் முள்ளுக்கு நடுவே
பச்சையாக ஒன்று
மெல்லத் தலை திருப்பியது.
என் நாக்கு துழாவியது.
அந்த மூன்று எழுத்துதான் அகப்பட்டது.
"ஓணான்!"
ஹஸ்னா குனிந்த தலை நிமிராமல்
முதல் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள்.
இல்லை, இல்லை என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பும்போது
பனையில் பட்டையின் நிறம் மட்டும்.

படம் இல்லாமல் திருத்தக் கூடாது.
விதி அவளுடையது அல்ல.
வந்தது: பன்னிரண்டு.
இருந்தது: சைபர்.
அந்தச் சைபரின் வட்டத்துக்குள்
என் குரல் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது.

இன்றும் எட்டு மணி.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்,
இங்கே கம்பிக்குக் கம்பி சாட்சி.
ஒன்பது ஆகிவிட்டது, பத்தாவது தலையாட்டுகிறது.
இல்லாததை எண்ணவும்
அதே முப்பது நிமிடம் பிடிக்கிறது.
பனையை விட்டுக் கண்ணை எடுக்காமல்
சும்பா-சும்பா, சும்பா-சும்பா என்று
நாக்கைப் பழக்குகிறேன்.
எட்டு இருபத்தொன்பது.
ஹஸ்னா இன்னும் பேனாவை மூடவில்லை.