சர்க்கரைக்கொல்லி

கோட்டையூரில் ஒரு சாந்தி. ஆறு பந்தி.
கவுனி அரிசியை முந்தின ராத்திரியே ஊறப் போட்டிருந்தேன்.

விடியலில் வேலியோரம் நின்று
நாலு சிறுகுறிஞ்சான் இலை கிள்ளி மென்றேன்.
புதுவயல் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிற அழகம்மை சொன்னது:
"சர்க்கரைக்கொல்லிண்ணே. பேரே அதுதான்."

ஏற்கனவே ஆவாரம்பூக் கஷாயம்,
ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய நாவல்கொட்டைப் பொடி,
ஊறின வெந்தயம்,
பெரியாஸ்பத்திரி வெள்ளை மாத்திரை.
ஒரே வயிற்றில் பங்காளிகள்.
பேச்சுவார்த்தை கிடையாது.

கவுனி வெந்து பூத்தது.
சீனி கொட்டிக் கிண்டி, ஓரத்தில் வழித்து
நாக்கில் வைத்தேன்.

மணல்.

இன்னொரு படி போட்டேன்.
தேங்காய்ப்பூ தெரிகிறது, நெய் தெரிகிறது,
நடுவில்
பந்தியில் ஒரு ஆள் எழுந்து போன இடம்.

முப்பத்தோரு வருஷமாக
இந்த நாக்கை நம்பித்தான்
வெற்றிலையில் வைத்து அட்வான்ஸ் தருகிறார்கள்.
பூமிநாதனைக் கூப்பிட்டிருக்கலாம்.
கரி அள்ளுகிற பையனிடம்
"இனிக்குதா பாரு" என்று எப்படிக் கேட்பது?

மூன்றாவது படி.

முதல் பந்தி முடியுமுன் செட்டியார் வந்துவிட்டார், சிரித்துக்கொண்டே.
"ராக்கப்பா, எங்க மேல என்னப்பா கோபம்?
உக்காந்திருக்கிறதுல பாதிப் பேருக்கு சுகரு."

அப்போதுதான்
டம்ளர் அடியில் கிடந்த காப்பி
லேசாக இனித்தது.
போன வேகத்திலேயே திரும்பியிருந்தது நாக்கு,
பக்கத்து ஊர் சந்தைக்குப் போய்வந்த மாதிரி.
சிரித்தேன். வெட்கத்தில்தான்.

"அண்ணே, நில்லுங்க."
பூமிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆத்தங்குடிக் கல்லில் வார்த்த பூவுக்குப் பூ
என் குதிகாலும் ஒரு பூ போட்டிருந்தது,
அடுப்பிலிருந்து இரண்டாம்கட்டு வரைக்கும்.

கங்கு எப்போது மிதிபட்டது?
எந்தப் பந்தியில்?
தோல் கருகி, உரிந்து, ரத்தம் கசிந்து,
நான் சீனியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குப்பைமேனி அரைக்கவா என்றாள் பாத்திரம் கழுவுகிறவள்.
மஞ்சள் வைக்கவா என்றாள் இன்னொருத்தி.
"எதையும் வைக்காம அப்படியே வாங்க"
என்றது போனில் ரெஜினா சிஸ்டரின் குரல்.
"செருப்பு கழன்டது தெரியலன்னு
தை மாசமே சொன்னீங்க, நான் அன்னைக்கே சொன்னேன்."

சொன்னார்தான்.
நாக்குக்கு ஒரு மணி நேரம்.
கால் எப்போது கப்பல் ஏறியதென்று தெரியவில்லை.
கடுதாசி கூடப் போடவில்லை.

ஆட்டோ வரும்வரை
நல்ல காலையும் கெட்ட காலையும் தரையில் வைத்திருந்தேன்.
இந்தக் கல் சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும்.
தெரியும் எனக்கு,

யாரோ சொல்லிக் கேட்டது போல.