மாதம் நாற்பது டாலர்

காபி டப்பாவில் நாற்பது டாலர்.
மாதத்துக்கு அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் ஹீட்டருக்கும் பல் டாக்டருக்கும்.

டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஏரி உறைந்துகிடந்த பிப்ரவரியில்
லூத்தரன் தேவாலயத்து அடித்தள விற்பனையில்
சறுக்குக் காலணிகளுக்குப் பின்னால்
சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது
ஒரு மேக்கின்டாஷ் எஸ்.இ. முப்பது.
‘ஓடுமா தெரியாது, பன்னிரண்டு கொடு’ என்றாள் மார்லிஸ்.
பத்துக்கு முடித்தேன்.
தேவாலயத்தில் பேரம் பேசிய உறுத்தலில்
போகிற வழியில் உண்டியலில் இரண்டு போட்டேன்.

வீட்டில் செருகினால்
திரை முழுக்க வரிக்குதிரை.
மணி அடிக்கவில்லை.

தெரிந்த வியாதிதான்.
கைப்பிடிக் குழியின் ஆழத்தில் இரண்டு திருகாணி.
அதற்கென்றே விற்கும் நீளத் திருப்புளி
பதினெட்டு டாலர்.
பணிமனை எல்டன் ஒரு நட்சத்திர முனையைக்
கம்பியில் பற்றவைத்துத் தந்தான்.
கூலி, புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம்.

உள்ளே மின்தேக்கிகள்
நின்ற இடத்திலேயே ஒழுகியிருந்தன,
சொல்லக் கூச்சப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள்போல.
சால்டர் முனை பட்டதும் கிளம்பியது
அழுகல் மீன் வாடை.
மேல் வீட்டு டார்லா கதவைத் தட்டி
‘எல்டனுக்குக் கொடுத்த மீனா?’ என்றாள்.

பலகையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்
சோப்பில்லாமல் ஓட்டினேன்.
வட்டுக்குள் ரப்பர் முட்டு தாராய் உருகி
முள்ளைப் பிடித்துவைத்திருந்தது.
மளிகை ரசீதின் ஓரத்தைக் கிழித்து
நடுவில் செருகினேன்.
வெங்காயம், பால், பூனைச் சோறு.

அப்போதுதான் அந்த போன்.
ஹெர்மன்டவுனில் வெண்டல் பிரெக்கி,
மூடிப்போன காப்பீட்டு அலுவலகத்தைக் காலிசெய்கிறாராம்.
‘பழைய கம்ப்யூட்டர் ஒன்று.
முப்பது கொடு, தூக்கிக்கொண்டு போ.’

தார்ப்பாயை விலக்கினேன்.
லிசா.
வலது கன்னத்தில் ஒன்றல்ல, இரண்டு வாய்.
அந்த இரண்டாவது வாயை விற்றால்
ஒரு வீட்டுக்குக் கூரை மாற்றலாம்,
அடியில் இருக்கும் வீட்டையும் கொஞ்சம் மாற்றலாம்.

சட்டைப்பையில் நாற்பது டாலர்.

பத்து வினாடி நான் திருடியாக இருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
வேனின் பின்கதவைத் திறந்து
கம்பளி போர்த்தி
அதை ஏற்றியும்விட்டேன் மனதுக்குள்,
மேடுபள்ளம் பார்த்து மெதுவாக
மில்லர் டிரங்க் சாலை வரைக்கும்கூட வந்துவிட்டேன்.

பிறகு, யாரைக் கேட்டதோ,
வாய் திறந்து சொல்லிவிட்டது:
‘இதை என்னிடம் விற்காதீர்கள்.’

அவர் போனில் தேடினார்.
சுழியங்களை விரலால் எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
‘அப்படியானால் உனக்குக் கட்டாது’ என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அலமாரியில் ஒரு மவுஸ் கிடந்தது,
சாதாரணம், சதுரம், என் இயந்திரத்துக்குச் சேரும்.
‘இதையாவது...’ என்று இழுத்தேன்.
‘ஐந்து டாலர்.’

வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.
ஏரியில் பனி உடையும் சத்தம்
எனக்கு ‘உம்’ கொட்டியது.

இரவு அந்த மவுஸின் வயிற்றைத் திறந்து
உருண்டையைக் கழுவினேன்,
உருளைகளில் சுற்றிய யாரோ சிலரின் அலுவலகத்தூசியை
ஊக்கால் உரித்தேன்.
செருகினேன்.
சுவிட்சைத் தட்டினேன்.

மணி.

ஒரே ஒரு மணி.
பூனை எழுந்து இடம் மாறியது.

வட்டில் தொண்ணூற்றி மூன்றாம் வருடத்து
பௌலிங் லீக் கணக்கு மட்டும்.
இரண்டு கோப்பு:
‘சரியானது’, ‘பலகையில் ஒட்ட’.
ஒட்டவேண்டியதில்
ஐரீன் என்பவளுக்கு நான்கு புள்ளி கூட.
ஐரீன், உன் பத்து வினாடியில்
நீ வேனை நிறுத்தவில்லை போல.

இரண்டையும் அழிக்கவில்லை.

டப்பாவில் முப்பத்தைந்து இருக்கிறது.
பெட்டியின் மஞ்சள் போக
தலைமுடிக்குப் பூசும் பெராக்சைடு ஏழு டாலர்.
பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி
வெயிலில் வைக்கவேண்டும்.
வெயில் இலவசம்.
ஜூனில் வந்தால்.